சக்கரத்துக்குள் ஒரு சும்மாடு

பழைய புல்லட்டின் ஹப் ரப்பருக்கு கிரீஸ் கூடாது. சோப்புத் தண்ணீரே போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். பெங்களூருவில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துச் சந்துகளில் நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று பின்சக்கரம் இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு. அதன்மேல் கழற்றிய சக்கரம். சக்கரத்தின் நடுவே, குடத்துக்குள், ஆறு கறுப்பு ரப்பர் கட்டிகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும்.

வண்டிக்காரர் வியர்க்க விறுவிறுக்க, பல்சக்கரத்தோடு கூடிய பிரேக் டிரம்மை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் இறங்கும். மூன்றாவது பக்கம் எழும்பி நிற்கும். அதை அழுத்தினால் இது கிளம்பும்.

"அண்ணே, எதுக்கு இந்தப் பாடு? ஒரு விரல் கிரீஸ் தடவுங்க. வழுக்கிக்கிட்டு உள்ளே போயிடும்" என்று வேடிக்கை பார்ப்பவர் யோசனை சொல்வார்.

அவர் சொல்வது பொய்யல்ல. கிரீஸ் தடவினால் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால், அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலைக்கு, பல மாதங்கள் கழித்து வண்டி வட்டி கேட்கும். அப்போது அந்த ஒரு விரல் கிரீஸ் யாருக்கும் நினைவிருக்காது.

சுமைக்கும் தலைக்கும் நடுவில்

இந்த ரப்பர் கட்டிகளுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். சிலர் ஹப் ரப்பர் என்பார்கள். சிலர் டிரம் ரப்பர் என்பார்கள். கப்ளிங் ரப்பர் என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாம் ஒன்றுதான்.

மூட்டை தூக்கும் தொழிலாளி தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்கிறார். மூட்டையின் எடை அதனால் குறைவதில்லை. ஆனால், எடை ஒரே இடத்தில் குத்தாமல் பரவுகிறது. நடக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் துணி வாங்கிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் இந்த ரப்பர் செய்வதும் அதே வேலைதான்.

புல்லட்டின் என்ஜினில் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அது நான்கு வீச்சு என்ஜின். அதாவது, என்ஜின் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை எரிபொருள் வெடித்துத் தள்ளும். மற்ற நேரமெல்லாம் வண்டி அந்தத் தள்ளலின் வேகத்திலேயே ஓடுகிறது.

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது நிமிடத்துக்கு 1,500 தள்ளல். நொடிக்கு 25 தள்ளல். ஒவ்வொன்றும் சம்மட்டி அடி மாதிரி செயின் வழியாகப் பின்சக்கரத்துக்கு வருகிறது.

இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்? செயின் நீளும். பல்சக்கரத்தின் பற்கள் தேயும். கியர் பெட்டிக்குள் பற்கள் அடி வாங்கும். சக்கரத்தின் கம்பிகள் தளரும்.

இதைத் தடுக்கத்தான் நடுவில் ரப்பர். சக்கரத்தின் குடத்துக்குள் மூன்று தடுப்புகள் உண்டு. டிரம்மின் முதுகிலும் மூன்று தடுப்புகள் உண்டு. ஒன்றுக்கொன்று நடுவில் ரப்பர் கட்டிகள். டிரம் சுழலும்போது அதன் தடுப்பு ரப்பரைத் தள்ளுகிறது. ரப்பர் அமுங்கி, குடத்தின் தடுப்பைத் தள்ளுகிறது. சக்கரம் சுழல்கிறது.

ஆறு கட்டிகளில் மூன்று, வண்டி முன்னே போகும்போது சுமை தாங்கும். மற்ற மூன்றுக்கு வேலை எப்போது? வேகத்தைக் குறைக்கும்போதும் பின் பிரேக் போடும்போதும்.

ஆம், பிரேக்குக்கும் இதில் பங்கு உண்டு. பழைய புல்லட்டில் பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே பாகம். ஆகவே, பின் பிரேக் பிடிக்கும் விசையும் இந்த ரப்பர் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருவொற்றியூரில் தயாரான வண்டி

பழைய புல்லட் மீது தமிழர்களுக்குத் தனிப் பாசம் இருப்பதற்குக் காரணம் உண்டு.

என்பீல்டு வண்டியின் பிறப்பிடம் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் நகரம். ஊசி தயாரிப்புக்குப் பேர்போன ஊர் அது. அங்கே 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் தயாரானது. புல்லட் என்ற பெயர் 1932-ல் சூட்டப்பட்டது.

1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பிறந்த ஊரில் இல்லாமல் போன வண்டி, வங்கக் கடலோரத்தில் தொடர்ந்து தயாரானது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது.

குடத்துக்குள் ரப்பர் வைக்கும் ஏற்பாடு புல்லட்டுக்கும் மூத்தது. முதல் உலகப் போர்க் காலத்து என்பீல்டு வண்டிகளிலேயே அது இருந்தது. வேறு கம்பெனிகள் இந்த அதிர்ச்சியைத் தாங்க வேறு வழி கண்டன. பி.எஸ்.ஏ. எம்-20 போன்ற வண்டிகளில் என்ஜின் தண்டிலேயே கனத்த ஸ்பிரிங் ஒன்றை வைத்தார்கள். என்பீல்டு ரப்பரை விடவில்லை.

பெங்களூருவின் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் 1980-களில், பல ஆண்டு சேமிப்பில் ஒரு புல்லட் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வலது காலில் கியர். இடது காலில் பிரேக். அதில்தான் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார். அதில்தான் பொங்கலுக்கு ஓசூர் வழியாக ஊருக்குப் போனார். இன்று அவர் இல்லை. வண்டி இருக்கிறது. மகன் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. விற்க மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட வீடுகளில் அந்த வண்டி வெறும் இரும்பு அல்ல. அதைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. எப்படி என்பதில்தான் குழப்பம்.

ரப்பர் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

வண்டி நகரும்போது பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். மெதுவாகப் போகும்போது திணறித் திணறிப் போவது. ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு குலுக்கல். செயினை எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் மறுபடி தொங்குவது. இவை ரப்பர் தேய்ந்ததன் அடையாளங்களாக இருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடக் கூடாது. ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் பிடித்தால் டிரம்மும் பல்சக்கரமும் அசையாது. இப்போது இன்னொருவர் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

சிறிது அசைந்து, ஸ்பிரிங் போல் தானே திரும்பி வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடி, கடைசியில் "டக்" என்று நின்றால் ரப்பர் வேலை முடிந்துவிட்டது.

மாற்றுவதென்றால் ஆறையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மூன்று புதிது, மூன்று பழையது என்று கலந்தால் சுமை சமமாகப் போகாது. தேய்ந்த கட்டிக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடைப்பது வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க உதவும். நிரந்தர வைத்தியம் ஆகாது.

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் ஒரு செட் கேட்டு வாங்கலாம். வண்டியின் வருடத்தையும் மாடலையும் சொல்லி வாங்குவது நல்லது. முடிந்தால் பழைய கட்டி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயின், பல்சக்கரங்களோடு ஒப்பிட்டால் இந்த ரப்பரின் விலை சிறிது.

ஏன் இறங்க மறுக்கிறது?

புது ரப்பர் கட்டிகள் இடத்தை நிரப்பி இறுக்கமாக உட்காருமாறு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. தொடக்கத்திலேயே சிறிது அமுங்கியிருந்தால்தான் இடைவெளி விழாது, சத்தம் வராது. ஆகவே, இறங்க மறுப்பது குற்றமல்ல. ரப்பர் சரியான அளவில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இது தெரியாமல் சிலர் பிளேடு எடுத்து ஓரத்தைச் சீவுகிறார்கள். சிலர் உப்புத்தாளில் தேய்க்கிறார்கள். சிலர் சுத்தியலால் அடிக்கிறார்கள். சீவினால் புது ரப்பர் அன்றே பழைய ரப்பர் ஆகிவிடும். சுத்தியல் அடித்தால் டிரம் விரிசல் காணும்.

வேண்டியதெல்லாம் உள்ளே இறங்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் கொஞ்சம் வழவழப்பு. இறங்கிய பிறகு அந்த வழவழப்பு தேவையில்லை, இருக்கவும் கூடாது. கட்டி தன் இடத்தில் பிடித்து உட்கார வேண்டும். எந்தப் பொருளைத் தடவலாம் என்பதற்கு இதுவே அளவுகோல்.

ஊறிய உளுந்து

கிரீஸ், என்ஜின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயின் பிள்ளைகள். இயற்கை ரப்பருக்கு அவை ஜென்மப் பகை.

ரப்பர் மரத்தின் பால்தான் இயற்கை ரப்பர். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வடிக்கிறார்களே, அதுதான். பாலை உறைய வைத்து எடுத்த ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். நீண்ட நூல் போன்ற ரப்பர் அணுக்கூட்டங்களைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது.

ரப்பரும் கச்சா எண்ணெய்ப் பொருள்களும் தன்மையில் ஒரே இனம். இரண்டிலும் பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும்தான். ஆகவே எண்ணெய் ரப்பரின் நூல்களுக்கு நடுவே சுலபமாகப் புகுந்துவிடுகிறது. கந்தக முடிச்சு இருப்பதால் ரப்பர் கரைந்து போவதில்லை. ஆனால் உப்புகிறது, மெத்தென்று ஆகிறது, வலு இழக்கிறது.

இட்லிக்கு ஊறவைத்த உளுந்து பருக்கிறது. பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. விரலால் நசுக்கினால் நொறுங்கிவிடுகிறது. எண்ணெயில் ஊறிய ரப்பரும் அப்படித்தான். நொடிக்கு 25 அடி வாங்க வேண்டிய கட்டி, பிதுங்கி, ஓரம் கிழிந்து, துகளாக உதிரும்.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாதாரண ரப்பர் பேண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மண்ணெண்ணெயிலும் மற்றொன்றைச் சோப்புத் தண்ணீரிலும் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் மண்ணெண்ணெயில் கிடந்தது உப்பிப் பெரிதாகியிருக்கும். இழுத்தால் பட்டென்று அறும். சோப்புத் தண்ணீரில் கிடந்ததில் அப்படி மாற்றம் தெரியாது. சோதனையை அடுப்புக்குப் பக்கத்திலோ குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலோ செய்யக் கூடாது.

கட்டியான கிரீஸ் மண்ணெண்ணெய் அளவுக்கு வேகமாக ஊறாது. அங்கேதான் ஏமாற்றம். "இருபது வருடமாக கிரீஸ்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. கெடுதல் மெதுவாக நடக்கிறது. மாதங்கள் கழித்து "டக்" சத்தம் வரும்போது, "செயின் போய்விட்டது", "ரப்பர் போலி" என்று பழி வேறெங்கோ போகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரப்பருக்கு மறுபக்கமே பிரேக் டிரம். பிரேக் போடப் போட டிரம் சூடேறும். சூட்டில் கிரீஸ் இளகும். சுழலும் வேகத்தில் வெளியே வீசப்படும். அதில் ஒரு துளி பிரேக் கட்டையில் பட்டாலும் பிரேக் வழுக்கும். பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது அது வேண்டாத சோதனை.

தேங்காய் எண்ணெய் கச்சா எண்ணெய் அல்லவே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் வேண்டாம். தாவர எண்ணெய்களிலும் பல ரப்பரைப் பதம் பார்ப்பவையே. துருப்பிடித்த திருகுகளைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அதிலும் கச்சா எண்ணெய்ப் பொருள்தான் இருக்கிறது.

எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரும் இருக்கிறது உண்மைதான். ஆனால், கடையில் வாங்கும் கறுப்புக் கட்டி எந்த ரப்பர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒத்துவரும் பொருளைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

பஞ்சர் கடைக்காரர் காட்டும் வழி

அந்தப் பொருள் எது? பஞ்சர் கடையில் பார்த்திருக்கலாம். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். டயரும் ரப்பர்தான். அது வழுக்கி ஏற வேண்டும். ஏறிய பிறகு ரிம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹப் ரப்பருக்கும் தேவை அதேதான்.

சோப்புத் தண்ணீர் ரப்பருக்குள் ஊறிக் கெடுப்பதில்லை. மேலே மட்டும் வழவழப்பைத் தந்து, வேலை முடிந்ததும் காய்ந்துவிடுகிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்தால் போதும். காரமான துணி சோப்புத் தூள் வேண்டாம்; உலோகத்தை அரிக்கும்.

தண்ணீர் படுவதை விரும்பாதவர்கள் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவலாம். சிலிக்கான் ஸ்பிரேயும் ரப்பருக்குப் பகையல்ல. பிரேக் பக்கம் படாமல் துணியில் அடித்துத் தடவ வேண்டும்.

பாட்டி காலத்து விளக்கெண்ணெய்க்கும் இங்கே ஒரு பெருமை உண்டு. தாவர எண்ணெய்களில் அது தனி ரகம். இயற்கை ரப்பரை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த தொடக்கக் காலத்தில், உள்ளே இருந்த இயற்கை ரப்பர் வாஷர்கள் கெடாமல் இருக்க, விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத்தான் ஊற்றினார்கள். ஆனாலும் அது காய்ந்து போகாது. பிரேக் கட்டைக்கு மிக அருகே அது வேண்டாம். சோப்புத் தண்ணீர் கையில் இருக்கும்போது அதைத் தேட அவசியமும் இல்லை.

மாட்டும் முறை

வேலையைச் சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொண்டால் ஈரம் காய ஒரு ராத்திரி கிடைக்கும்.

முதலில் குடத்தின் உள்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ரப்பர்த் துகள், கிரீஸ், துரு எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் கடும் நோய் தரும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும்.

இரும்புத் தடுப்புகளின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் லேசாக நீவலாம். பிசிறு ரப்பரை அறுத்துவிடும்.

புது ரப்பர் கட்டிகளைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். சூட்டில் ரப்பர் இளகிக் கொடுக்கும். கொதிக்க வைக்க வேண்டாம்.

சக்கரத்தைப் பழைய டயர் ஒன்றின்மேல் படுக்க வையுங்கள். குடத்தின் ஒவ்வொரு தடுப்புக்கும் இருபுறமும் ஒவ்வொரு கட்டியாக ஆறையும் வையுங்கள். டிரம்மின் தடுப்பு இறங்க வேண்டிய மூன்று இடுக்குகள் தெரியும். அந்த இடுக்குகளில் மட்டும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். பேரிங் பக்கம் தண்ணீர் வழியக் கூடாது.

இப்போது ரப்பர்களை ஜோடி ஜோடியாகச் சற்றுச் சாய்த்து, இடுக்கின் வாயை விரித்துக்கொள்ளுங்கள். டிரம்மின் மூன்று தடுப்புகளையும் மூன்று இடுக்குகளின் வாயில் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக இறக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. மூன்று பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். இரண்டு கைகளாலும் லேசாக இடமும் வலமும் திருப்பியபடி உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். இருவர் சேர்ந்தால் வேலை சுலபம்.

ஒரு பக்கம் அடம் பிடித்தால் அடித்து இறக்க வேண்டாம். தூக்கிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டி மடங்கியிருக்கும்.

முழுதாக இறங்கிய பிறகு வழிந்த சோப்புத் தண்ணீரைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் காய விட வேண்டும். டிரம்மைத் தாங்கும் நட்டுகளைக் கையேட்டில் சொன்னபடி முறுக்க வேண்டும். மாடலுக்கு மாடல் சிறு மாறுதல் உண்டு. வண்டியின் கையேடு இருந்தால் அதைப் பார்ப்பதே சரி.

கிரீஸுக்கும் இடம் உண்டு

கிரீஸே கூடாது என்பதல்ல. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் கிரீஸ் வேண்டும். டிரம் சிறிது முன்னும் பின்னும் அசையும்போது குடத்தின் உலோகத்தோடு உரசும் பகுதியில் மெல்லிய பூச்சாக கிராபைட் கிரீஸ் இடலாம். சக்கர அச்சுத் தண்டில் துருப்பிடிக்காமல் இருக்கச் சிறிது பூசலாம். பிரேக் கேமின் தண்டுக்கும் மிகச் சிறிய அளவு வேண்டும். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர், இரும்புக்கு கிரீஸ் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

சக்கரத்தை வண்டியில் மாட்டிய பிறகு சில விஷயங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பிரேக் தட்டு சுழலாமல் தடுக்கும் பிடிமானம் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அது நழுவினால் பிரேக் பிடித்த நொடியில் விபத்து. செயின் இணைப்பின் கிளிப், மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்தபடி இருக்கிறதா? சக்கரம் நேராக நிற்கிறதா? செயினின் தளர்ச்சியைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளவு வைக்க வேண்டும். அச்சு நட்டை முறுக்கிய பிறகு பிரேக்கையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் தனியாக, காலித் தெருவில், மெதுவாக இருக்கட்டும். நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் நட்டுகளை மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு குடும்பத்தை ஏற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது

எல்லோராலும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அது குறைவல்ல. ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். கன்னடம் மட்டும் பேசும் மெக்கானிக் என்றால் "ரப்பர்கே கிரீஸ் பேட, சோப் நீரு ஹாக்கி" என்று சொன்னால் புரிந்துகொள்வார். ரப்பருக்கு கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போடுங்கள் என்பதே அதன் பொருள்.

சொல்லும் முறை முக்கியம். பல ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளியிடம் "உங்களுக்குத் தெரியாது" என்ற தொனியில் பேசினால் அவர் கேட்க மாட்டார். "பழைய வண்டி, அப்பாவின் வண்டி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்றால் நின்று கேட்பார். பழைய ரப்பர் கட்டிகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்லது. அவை உப்பி, பிசுபிசுத்து இருந்தால் முன்பு யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கூலிக்கு மூட்டை தூக்குகிறவர் எண்ணெயில் நனைந்த துணியைச் சும்மாடாக வைத்துக்கொள்ள மாட்டார். மூட்டை நழுவும் என்று அவருக்குத் தெரியும். தகப்பனார் விட்டுச் சென்ற வண்டியின் சும்மாட்டுக்கும் அந்தக் கவனத்தைக் கொடுத்தால், அது அடுத்த பொங்கலுக்கும் ஓசூர் சாலையில் சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேரும்.